நத்தார் மரமும் ஜிகினா மாலையும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

மட்டக்களப்பில் நத்தார் மரம் எழும்புவது மழைக்குள்தான். கார்த்திகையில் பிடித்த மழை மார்கழி முழுக்க விட்டுவிட்டுப் பெய்யும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் நாங்கள். வீட்டுக்குள் உலர்ந்த பொருள் என்று ஒன்று அந்த மாதத்தில் இருக்காது. குளிர் நாட்டுக் காணொளியைப் பார்த்து அதேபோல மரம் கட்டியவர்கள் மூன்றாம் நாள் என்னைக் கூப்பிடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஈரம்தான்.

எங்கள் பங்கில் ஆலய மரத்தையும் ஒளிவிழா மேடை மரத்தையும் கட்டுகிறவர்களில் நானும் ஒருவன். பதினாறு வருடமாகிறது. அது முடிய அயல் வீடுகள், பிறகு மாமிமார் வீடுகள். வரும் முறைப்பாடுகள் எட்டோ ஒன்பதோதான், வருடம் மாறினாலும் அவை மாறுவதில்லை. நான் எந்த ஒழுங்கில் பார்ப்பேனோ அதே ஒழுங்கில் எழுதுகிறேன். செலவில்லாத காரணம் முதலில், காசு போகும் காரணம் கடைசியில்.

ஜிகினா மாலை என்று நான் சொல்வது, பான்சிக் கடைகளில் இரண்டு மீற்றர் துண்டாகத் தொங்கும் மொசுமொசுவென்ற மினுக்கு மாலை. நடுவில் ஒரு கம்பியோ நூலோ ஓடும், அதைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் முறுக்கப்பட்டிருக்கும். பளபளப்பு அந்த இழையின் மேல் படிந்த அலுமினியப் பூச்சு.

## எதையும் தொடுவதற்கு முன்

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தது போதாது. பிளக் பேஸிலுள்ள சுவிட்ச் ஒரு வயரைத்தான் துண்டிக்கும். லைனும் நியூட்ரலும் மாற்றிப் பூட்டிய பழைய வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் மரத்தில் ஓடும் வயரில் 230 வோல்ட் நிற்கும். கையில் இருப்பதோ கம்பி ஓடிய மாலை.

அடுத்தது, கட்டும் ஒழுங்கு: மரம், லைட், மாலை, உருண்டைகள், நட்சத்திரம். மாலையைச் சுற்றிவிட்டு அதன்மேல் லைட்டைச் சுற்றியிருந்தால், கீழே சொல்லும் பாதிக் கோளாறுகள் அதிலிருந்தே வரும். அப்படிக் கட்டியிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி கட்டுங்கள். அரை மணி நேரம்தான் போகும்.

## மாலை வழுக்கி இறங்குகிறது

வருடா வருடம் முதல் வரும் முறைப்பாடு இது. இரவு கட்டிய மாலை காலையில் மரத்தின் இடுப்பில் கிடக்கும்.

### பெட்டியில் வந்த பிளாஸ்டிக் மரமா?

கிளைகளை விரித்தீர்களா என்று முதலில் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த மரத்தின் சிறு நுனிகள் எல்லாம் தாய்க்கிளையோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதன்மேல் மாலையைப் போட்டால் தகரக் கூரையில் போட்ட துணி மாதிரி வழுக்கும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நுனியை மேலே, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் என்று வளைத்துவிடுங்கள். ஆறடி மரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இதைப் பொறுமையாகச் செய்த வீட்டிலிருந்து வழுக்குகிறது என்று இரண்டாம் முறை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

நுனிகள் விரிந்துதான் இருக்கின்றன, இன்னும் வழுக்குகிறது என்றால், மாலையின் தலைப்பு எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். பலர் அதை உச்சி நுனியில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டிருப்பார்கள். நட்சத்திரம் வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் கீழே, நடுத்தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். நான் எப்போதும் மேலிருந்து கீழேதான் வருவேன். மிஞ்சும் துண்டு அடியில் சுவர்ப் பக்கம் மறைந்துவிடும்.

சுற்றும்போது இரண்டு கிளை நுனிகளுக்கு மேலால் போய், மூன்றாவதன் பின்னால் நுழைத்து வெளியே எடுங்கள். எல்லா நுனியின் மேலாலும் போனால் பிடிப்பு இருக்காது. எல்லாவற்றின் பின்னாலும் போனால் மாலை கண்ணுக்கே தெரியாது.

அதற்கும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் மாலைக்குள் ஓடுவது நூல். கம்பி மாலையை நுனியில் ஒருமுறை கிள்ளி வளைத்தால் நிற்கும், நூல் மாலை நிற்காது. நான்கு சாணுக்கு ஒரு கட்டு, தங்கூசியால், அதாவது நைலோன் மீன்பிடி நூலால் போடுங்கள். மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஈரத்தில் உக்காது.

### வெட்டி வந்த சவுக்கா?

எங்கள் ஊரின் பழைய நத்தார் மரம் சவுக்குத்தான். அந்த மணத்துக்காகவே எங்கள் வீட்டில் இன்றைக்கும் சவுக்குதான் வைக்கிறோம். ஆனால் அதன் இலை மென்மையான ஊசி. முதல் நாள் நிமிர்ந்து நிற்கும், நாலைந்து நாளில் தொய்யும். அதோடு மாலையும் தொய்யும். இது நீங்கள் கட்டியதில் உள்ள பிழையல்ல.

வாளியில் ஈர மணல் இருக்கிறதா என்று தினமும் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். மாலையை ஊசி இலையில் தொங்கவிடாமல், உள்ளே தள்ளி கிளையின் மரப்பகுதியில் கட்டுங்கள். சவுக்குக்குத் தடித்த மாலை ஒத்துவராது. மெல்லியதாக வாங்குங்கள்.

கல்லடிக் கரையில் நிற்கும் சவுக்கில் கை வைக்க வேண்டாம். அந்த மரங்கள் கடலுக்கு முன்னால் நிற்பது எதற்கென்று எங்கள் ஊர்ச் சனத்துக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. வளவில் வளர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

### காசு போகும் இடம்

கிளையைத் தண்டோடு பிடிக்கும் கொளுக்கி உடைந்திருந்தால், அந்தக் கிளை மாலையின் பாரத்தைத் தாங்காது. முதலில் உடைந்த பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் உடைந்திருந்தால் புது மரம் வாங்கும் காலம் வந்துவிட்டது. கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிய கிளை, மாலையின் பூச்சையும் வயரின் தோலையும் கிழிக்கும்.

## மரம் வளையம் போட்ட பீப்பாய் மாதிரித் தெரிகிறது

மாலை விழவில்லை, ஆனால் பார்க்க அழகில்லை. இரண்டு காரணம்தான்.

ஒன்று, இழுத்துச் சுற்றியிருப்பீர்கள். ஒரு முழத்துக்கு ஒரு முறை மாலை நாலு விரல் அளவு தொய்ந்து வரட்டும். ஆலய மரத்துக்கு எங்கள் பெரியவர் ஒருவர் சொல்வார்: "இழுக்காத மனே, கைய விடு, அது தானா விழட்டும்." விழுந்த இடத்தில் அப்படியே விட்டுவிட வேண்டும்.

மற்றது, மாலை போதாது. கடைக்குப் போகுமுன் கணக்குப் பாருங்கள். ஆறடி மரம், அடியில் மூன்றடி அகலம் என்றால் நடுவளவு அகலம் ஒன்றரை அடி. அதைச் சுற்றி வர ஏறத்தாழ நாலே முக்கால் அடி. ஏழு சுற்றுக்கு முப்பத்துமூன்று அடி, அதாவது பத்து மீற்றர். தொய்வுக்குக் கால் பங்கு கூட்டினால் பன்னிரண்டரை. இரண்டு மீற்றர் மாலை ஏழு வேண்டும். மூன்று மாலையோடு வந்துவிட்டு அதை முழு மரத்துக்கும் இழுத்தால் வளையம்தான் வரும். மூன்றுதான் இருக்கிறது என்றால் சுவரை ஒட்டிய பின்பக்கத்தை விட்டுவிட்டு, முன்னால் மட்டும் இங்கும் அங்கும் வளைத்து ஓடவிடுங்கள். பார்ப்பவருக்குத் தெரியாது.

## இழை கொட்டுகிறது

காலையில் தும்புத்தடி எடுத்தால் தரை முழுக்க வெள்ளித் துகள்.

மாலையின் இரண்டு தலைப்பையும் பாருங்கள். கடையில் கத்தரித்த இடம் திறந்திருந்தால் முறுக்கு அவிழ்ந்து அங்கிருந்துதான் கொட்டும். தலைப்பை ஒரு அங்குலம் மடித்துத் தையல் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். நெருப்புக் காட்டிச் சுருக்க வேண்டாம். இவற்றில் பெரும்பாலானது பிவிசி, எரிந்தால் வரும் புகை தொண்டையையும் நெஞ்சையும் அரிக்கும்.

தலைப்புச் சரி, நடுவிலிருந்து கொட்டுகிறது என்றால், ஒரு இழையைப் பிடித்து மெதுவாக மடித்துப் பாருங்கள். வளைந்தால் நல்ல மாலை, யாரோ இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். முறிந்தால் பிளாஸ்டிக் முதிர்ந்துவிட்டது. யன்னல் வெயில் படும் மூலையில் நின்ற மாலை சீக்கிரம் முதிரும். அதற்கு மருந்து கிடையாது. கைக்குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் அதை இன்றைக்கே குப்பைக்கு அனுப்புங்கள்.

இழை நுனிகள் முறியாமல் சுருண்டு, சிறு மணிமணியாக உருகியிருந்தால் சூடு பட்டிருக்கிறது. பக்கத்தில் பழைய காலத்து இழைக் குமிழ் லைட் செட் இருக்கும். கையை வைத்துப் பார்த்தாலே சுடும். அதைக் கழற்றிவிட்டு எல்இடி செட் வாங்குங்கள். இந்தப் பட்டியலில் தயங்காமல் காசு செலவழிக்கச் சொல்வேன் என்றால் முதலில் இதற்குத்தான்.

## மினுக்கம் போய்விட்டது, கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது

எங்கள் ஊருக்கே உரிய நோய் இது. போன வருடம் பளபளவென்று சுருட்டி வைத்த மாலை, அலுமாரியிலிருந்து எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் வரும்.

உலர்ந்த பருத்தித் துணியால் ஒரு சாண் நீளத்தைத் துடைத்துப் பாருங்கள்.

துணியில் சாம்பல் ஒட்டி, மாலை பளிச்சென்று வந்தால் அது தூசு. பெயின்ற் அடிக்கும் சிறு தூரிகை ஒன்றால், முறுக்குப் போகும் திசையில் தட்டிவிடுங்கள்.

துணியில் பச்சையோ கறுப்போ ஒட்டி, மக்கல் மணம் வந்தால் பூஞ்சணம். விறாந்தையில் வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துடையுங்கள். இழுப்பு உள்ளவர்கள் அந்த வேலையைச் செய்யக்கூடாது. ஒன்றிரண்டு இடம் என்றால் தப்பும். முழுவதும் பிடித்திருந்தால் வைத்திருக்க வேண்டாம்.

துடைத்தும் மாறவில்லையா? ஒரு இழையை டோர்ச் லைட்டுக்கு முன்னால் பிடியுங்கள். வெளிச்சம் கண்ணாடி போல ஊடுருவி வந்தால் அலுமினியப் பூச்சு போய்விட்டது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து அதைத் தின்றிருக்கும். அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மினுக்குத் தெளிப்பான் அடித்துப் பார்த்தேன். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

செம்மண் நிறத்தில் புள்ளி இருந்தால் உள்ளே ஓடும் கம்பியில் கறள். மாலையை முறுக்கிப் பிரித்து நடுவைப் பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் அந்த வருடத்துக்குப் பாவிக்கலாம், ஆனால் வெள்ளைச் சுவரிலும் மேசை விரிப்பிலும் படாமல். கம்பி ஒடிகிற நிலை என்றால் கையைக் குத்தும். எறிந்துவிடுங்கள்.

சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைப்பவர்கள் உண்டு. கம்பி மாலையை ஒருநாளும் ஊறவைக்காதீர்கள். வெளியே காய்ந்தது போலிருக்கும், நடுவில் ஒரு கிழமைக்கு ஈரம் நிற்கும்.

இந்த நோய் வருவது தைப் பொங்கலுக்கு முன் அவசரமாகச் சுருட்டி வைப்பதால்தான். மூவிராசாக்கள் திருநாள் முடிந்து ஜனவரி 6, 7இல் மரத்தைக் கழற்றும்போது மழை விட்டிருக்காது. அந்த ஈரக் காற்றையும் சேர்த்துத்தான் பொலித்தீன் பையில் கட்டுகிறோம். அதனால் நான் இரண்டு தடவையாகச் செய்வேன். கழற்றிய இரவு, காற்றாடிக்குக் கீழே கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் வெறும் கடதாசிப் பெட்டியில் வைப்பேன். பிறகு பங்குனியில் நல்ல வெயில் காலம் வந்ததும் பெட்டியைத் திறந்து, நிழலில் ஒரு பகல் முழுக்கக் காயவிட்டு, அப்போதுதான் மூடி இறுக்கமான டப்பாவுக்கு மாற்றுவேன். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வருடம் முழுக்கச் சேர்த்து வைத்து, அந்த டப்பாவில் போடுவேன். எங்கள் ஆலயத்தில் இப்போதிருக்கும் சிவப்பு மாலைகள் ஏழு நத்தார் கண்டவை.

## சப்பையாகிவிட்டது, சிக்கு விழுந்துவிட்டது

சப்பையானதை இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து, முறுக்குக்கு எதிர்த்திசையில் பத்துச் சுற்றுச் சுற்றி, உதறி, மறுபடி முறுக்கினால் எழும்பும். சிக்கு விழுந்ததை மேசையில் பரப்பி நடுவிலிருந்து தளர்த்துங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் இழைதான் உரியும். அடுத்த வருடத்துக்கு அட்டைத் துண்டொன்றில் சுற்றி வையுங்கள்.

## மாலை போட்ட பிறகு லைட் எரியவில்லை

மாலை சுற்றும்போது லைட் வயர் இழுபடும். அதைத்தான் தேடப் போகிறோம். அதற்கு முன் சும்மா பார்க்கும் இரண்டு விஷயம்.

அதே பிளக் பேஸில் தொலைபேசிச் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். அது வேலை செய்யாவிட்டால் மரத்தில் பிழையில்லை. சார்ஜர் வேலை செய்தால், லைட் செட்டின் சிறு பெட்டியிலுள்ள பொத்தானை எட்டு ஒன்பது முறை அழுத்துங்கள். அதில் எட்டு விதமான மினுக்கம் இருக்கும். சிலவற்றில் ஒன்று மிக மெதுவாக எரிந்து அணையும். மாலை சுற்றும்போது கை பட்டு அதற்கு மாறியிருக்கும். "லைட் செத்துப் போச்சு தம்பி" என்று கூப்பிட்ட மாமி வீட்டில், நான் செய்தது அந்தப் பொத்தானை அழுத்தியது மட்டும்தான்.

13 அம்பியர் சதுரப் பின் அடப்டர் வழியாகப் போட்டிருந்தால், அதற்குள் சிறு பியூஸ் இருக்கலாம். அதே அளவு பியூஸ் மாற்றுங்கள். வெள்ளித்தாள் சுற்றிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

### பாதிதான் எரிகிறதா?

இந்தச் செட்டுகளில் குமிழ்கள் கூட்டம் கூட்டமாகக் கோர்க்கப்பட்டிருக்கும். ஒரு கூட்டத்தில் ஒரு இடம் விட்டால் அந்தக் கூட்டமே அணையும். பிளக்கைக் கழற்றுமுன், கடைசியாக எரியும் குமிழையும் முதலில் அணைந்த குமிழையும் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். தையல் நூலொன்றைக் கட்டி வையுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் மாலையை விலக்கிப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை அங்கேதான் மாலை வயரோடு முறுக்கிக்கொண்டு நிற்கும்.

குமிழைக் கையால் கழற்றிப் பூட்டக்கூடிய பழைய செட் என்றால் ஒவ்வொன்றாக அழுத்திவிடுங்கள். தளர்ந்ததுதான் காரணம் என்றால் எரியும். எல்இடி செட்டில் குமிழ்கள் ஒட்டப்பட்டிருக்கும், கழற்ற வராது. வயர் வெளியே வந்திருந்தால் அந்தச் செட்டின் காலம் முடிந்தது. சுற்றி நாடா ஒட்டி ஓட்டலாம் என்று நினைப்பீர்கள். கம்பி ஓடிய மாலைக்கு அருகில் ஒட்டு வயர் வேண்டாம். புதுச் செட் வாங்குங்கள்.

எலி கடித்த தடயம், பல் பதிந்த வயர், உரிந்த தோல் எங்கே கண்டாலும் அதே முடிவுதான்.

## தொட்டால் சுரீர் என்கிறது, அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

இந்த இடத்தில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேளுங்கள்.

மரத்தைத் தொடாதீர்கள். காலில் செருப்புப் போட்டுக்கொண்டு, உலர்ந்த கையால் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் பேஸே ஈரமாகவோ கருகியோ இருந்தால் அதையும் தொடாமல் மெயின் சுவிட்சை இறக்குங்கள். பிள்ளைகளை அறைக்கு வெளியே அனுப்புங்கள்.

பிளக் கழன்ற பிறகு ட்ரிப் சுவிட்சை மேலே தூக்குங்கள்.

நிற்கிறதா? பிழை மரத்து லைட்டில் அல்லது அதற்கு வந்த நீட்டு வயரில். டோர்ச் அடித்து பிளக் பின்களைப் பாருங்கள். நான் ஒரு வீட்டில் கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது: பாதி மட்டும் நுழைந்திருந்த பிளக், இரண்டு பின்னுக்கும் குறுக்கே ஒற்றை வெள்ளி இழை, அதைச் சுற்றி நகக்கண் அளவு கரி. மேல் கிளையிலிருந்து உதிர்ந்து விழுந்த இழை அது. பிளக் பேஸ் மரத்துக்கு நேர் கீழே இருந்தது. அதிலிருந்து நான் பிளக் பேஸுக்கு இரண்டடி விலகித்தான் மரம் வைப்பேன், எந்த வீட்டிலும். பின்னைத் துடைத்துவிட்டு மறுபடி போடலாமா என்று கேட்பார்கள். கரி இருந்தால் பிளக்கும் பேஸும் இரண்டும் மாற வேண்டும்.

கரி இல்லை என்றால் ஈரத்தைத் தேடுங்கள். விறாந்தைத் தோரணமும் உள்ளே நிற்கும் மரமும் ஒரே நீட்டு வயரில் ஓடுகிறதா? வெளியே இருக்கும் துண்டைக் கழற்றிவிட்டு மரத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். மழைச்சாரல் பட்ட தோரணம்தான் பெரும்பாலும் காரணம். வீட்டுக்குள் பாவிக்கும் செட்டை வெளியே கட்டவே கூடாது.

மறுபடி விழுகிறதா? எதுவுமே பூட்டாமல் விழுந்தால் அது நத்தார் மரத்தின் பிழையல்ல, வீட்டு வயரிங்கில் ஈரம். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இரண்டு தடவைக்கு மேல் தூக்கிப் பார்க்க வேண்டாம். சுவிட்ச் விழாமல் இருக்க அதைக் கட்டி வைப்பது, தாண்டி நேரடி இணைப்புக் கொடுப்பது, இவை நத்தாருக்காக உயிரோடு விளையாடுவது. அந்தச் சிறு பெட்டி 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும்படி செய்திருப்பது ஒரு ஆளைக் காப்பாற்றத்தான்.

ட்ரிப் சுவிட்ச் விழவில்லை, ஆனால் தொட்டவருக்கு ஷொக் அடித்தது என்றால் அது இன்னும் மோசம். அந்தச் சுவிட்ச் வேலை செய்யாமல் இருக்கலாம், அல்லது வீட்டில் இல்லாமலே இருக்கலாம். சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் லைட்டையே மறந்துவிட்டு, அன்றைக்கே வயரிங் ஆளைப் பிடியுங்கள். கம்பத்திலோ வீட்டுக்கு வரும் வயரிலோ பொறி பறந்தால் மின்சார சபையின் 1987 என்ற எண்ணுக்கு எடுங்கள். ஷொக் அடித்து யாராவது விழுந்தால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொட்டு, அம்புலன்ஸுக்கு 1990க்கு எடுங்கள்.

இன்னொன்று. கரண்ட் போன இரவில் மெழுகுதிரியை மரத்தடிப் பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் இருக்கிறது. பத்து நாள் ஆன சவுக்கு காய்ந்த வைக்கோல் மாதிரி. மெழுகுதிரியை அடுத்த அறையில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் 26ஆம் திகதி மரத்து லைட் போடுவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு அது அப்படித்தான். எங்கள் கரையோரத்து நாவலடியிலும் திருச்செந்தூரிலும் கல்லடியிலும் அந்தக் காலை என்ன நடந்தது என்று தெரிந்த எத்தனையோ வீடுகள் அன்றைக்கு இருட்டாகவே இருக்கும். அந்த ஒரு நாள் ஓய்வில் நான் வயர்களைக் கையால் தடவிப் பார்த்து வைப்பேன்.

## மரம் சாய்கிறது

மூன்று காலும் தரையில் இருக்கிறதா, மாலை ஒரு பக்கமே அதிகமா, காற்றாடி நேரே அடிக்கிறதா என்று பாருங்கள். சவுக்கு என்றால் மணல் போதாது. வாளியின் முக்கால்வாசிக்கு ஈர மணலை இறுக்கிக் குத்துங்கள், இரண்டு பக்கம் செங்கல் செருகுங்கள். எட்டடிக்கு மேலான மரத்தைத் தங்கூசியால் இரண்டு திசையில் யன்னல் கம்பியில் கட்டுங்கள். ஆலய மரம், மேடை மரம் போன்றவற்றுக்கு ஓடாவி ஒருவரைக் கொண்டு பலகையில் சிலுவைக் கால் அடித்துக்கொள்வதே நல்லது. அதன் கீழே பிள்ளைகள் நின்று பாடப்போகிறார்கள்.

## பூனையோ பிள்ளையோ இழையை விழுங்கிவிட்டது

அயலில் ஒரு அக்காவின் பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தது. மூன்றாம் நாள் அதன் பின்பக்கம் வெள்ளி இழை ஒன்று விரல் நீளத்துக்குத் தொங்கியது. இழுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மிருக வைத்தியர் கையைத் தட்டிவிட்டார். இழையின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டியிருக்கும். இழுத்தால் குடல் நாடாவில் சுருக்கிய துணி மாதிரிக் குவிந்து கிழியும் என்றார். வாயில் தெரிந்தாலும் பின்னால் தெரிந்தாலும் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள், எண்ணெய் கொடுக்காதீர்கள். நேரே மிருக வைத்தியரிடம். அந்தப் பூனை சத்திரசிகிச்சைக்குப் பிறகு பிழைத்தது. பூனையுள்ள வீட்டில் தனி இழைகள் வேண்டாம், மாலையையும் தரையிலிருந்து மூன்றடிக்கு மேலேயே முடித்துவிடுங்கள்.

பிள்ளை சிறு துண்டொன்றை விழுங்கிவிட்டுச் சாதாரணமாக விளையாடினால் வைத்தியர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு பார்த்திருக்கலாம். இருமல், மூச்சுத் திணறல், எச்சில் ஒழுகல், விடாத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பழைய வீடுகளில் அம்மம்மா காலத்துப் பெட்டி ஒன்று வெளிவரும். அதிலுள்ள இழை சரசரக்காமல், பாரமாக, நேராகத் தொங்கி, கடதாசியில் பட்டால் பென்சில் கோடு போலச் சாம்பல் கீறு விழுந்தால் அது ஈயம். வெளிநாடுகளில் 1970களின் தொடக்கம் வரை அப்படி விற்றார்கள். பிள்ளைகள் கைக்கு எட்டவிடாமல் மூடி வைத்து, தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நினைவுக்காக வைத்திருப்பதானால் கண்ணாடிப் போத்தலுக்குள் இருக்கட்டும்.

## வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது

2011 ஜனவரியில் மரம் கழற்றாத வீடுகள் இதைக் கண்டன. தண்ணீர் வாசலைத் தாண்டும் முன் மெயின் சுவிட்சை இறக்குங்கள். தண்ணீருக்குள் நின்றுதான் இறக்க முடியும் என்றால் வேண்டாம், வெளியே போய் மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

வடிந்த பிறகு: நனைந்த லைட் செட்டையும் நீட்டு வயரையும் காயவைத்து மறுபடி பாவிக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். கம்பி மாலை நனைந்திருந்தால் அதுவும் போகட்டும். நூல் மாலையை மட்டும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிழியாமல் உதறி, விறாந்தைக் கொடியில் நிழலில் தொங்கவிடுங்கள். இரண்டு நாளில் மேலே காயும். நடுநூலைக் கிள்ளிப் பார்த்து, விரலில் குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஒரு நாள் தொங்கட்டும்.